ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தை பெறலாம்

"இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பின்னும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. உங்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால், பதில் சொல்வது கடினம். ஊர் வாய்க்குப் பயந்து அவசரப்பட்டு ஆணுறையை விட்டுவிடாதீர்கள். முதலில் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அது இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, இந்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழே குறைந்து ஆறு மாதமாவது அப்படியே இருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குக் கிருமி தொற்றாது. ஐரோப்பாவின் 14 நாடுகளில் 888 தம்பதிகளைக் கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆணுறையின்றி ஏறக்குறைய 58,000 முறை உறவு கொண்டும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆகவே மருத்துவர் சரி என்றபின், கருத்தரிக்கும் நாட்களில் இயற்கையாகவே முயலலாம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14ஆம் நாளை ஒட்டி வரும்.

அளவு இன்னும் குறையவில்லையா? யாருக்குக் கிருமி என்பதைப் பொறுத்து வழி மாறும். மனைவிக்கு என்றால், கணவரின் விந்தை ஊசி இல்லாத சிரிஞ்சால் பெண்ணுறுப்பில் செலுத்தலாம், தாதி கற்றுத்தருவார். கணவருக்கு என்றால், விந்துத் திரவத்திலிருந்து விந்தணுக்களைக் கழுவிப் பிரித்து, பரிசோதித்துக் கருப்பையில் வைப்பார்கள். இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1992இலேயே இதை வெளியிட்டார்கள். செலவு அதிகம். மாத்திரை வேலை செய்யும்போது பலருக்கு இது தேவையே இல்லை. கடன் வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு ஓடுமுன் கேளுங்கள். கிருமி இல்லாத துணைக்குத் தடுப்பு மாத்திரையும் உண்டு. விந்தணு குறைவு, கருக்குழாய் அடைப்பு போன்ற குறை இருந்தால்தான் சோதனைக்குழாய் முறை.

பிள்ளைக்குத் தொற்றுமோ என்ற பயம் நியாயமானது. மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. தாய் மாத்திரையை நிறுத்தக்கூடாது. குழந்தைக்குப் பிறந்தவுடன் மருந்து தரப்படும். தாய்ப்பாலுக்குப் பதில் பால்மாவு.

உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் பேசுங்கள். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். இருவரும் சேர்ந்து வாருங்கள். கடைசி இரத்தப் பரிசோதனை முடிவும் மாத்திரைப் பட்டையும் கையில் இருக்கட்டும். துணையிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், தனியாக வந்து அதையே முதலில் கேளுங்கள்.