மதராசி கேம்ப்: ஒரு வருமானக் கணக்கு

டில்லியில் ஜங்புரா என்ற பகுதி இருக்கிறது. அங்கே பாராபுல்லா வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சுமார் 50 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். மொத்தம் 370 வீடுகள். ஒரு சின்ன ஊர் மாதிரிதான். பெண்கள் பலர் பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை செய்தார்கள்.

2025 ஜூன் 1 அன்று அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பது டில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. பாதிக்குச் சற்றே கூடுதலான குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவும் டில்லிதான். ஆனால் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்!

வீடு கிடைத்தவரின் வருமானம் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெண் 4 வீடுகளில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய். மொத்தம் 8,000 ரூபாய். ஒரு வீட்டில் தினம் 2 மணி நேர வேலை. நரேலாவிலிருந்து போய் வர 4 மணி நேரம் ஆனால், 2 வீடுகளை விட வேண்டும். மிஞ்சுவது 4,000 ரூபாய்.

பஸ் கட்டணத்தைச் சேர்க்கவில்லையே என்பீர்கள். டில்லி அரசுப் பஸ்களில் 2019-இல் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். போவது நேரம்தான்.

பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு 7 பள்ளிகள். நரேலாவில் ஒன்றுகூட இல்லை.

பயிற்சி: நீங்கள் வேலைக்குப் போய் வர எத்தனை மணி நேரம் ஆகிறது? அந்த நேரத்துக்கு என்ன கூலி? எழுதிப் பாருங்கள்.