புது ஆபீஸ் இன்டீரியர் வேலை: வாடகை மீட்டர் எப்போ ஓட ஆரம்பிக்குது?

ஃபைனான்ஸ் டீம்ல சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். திடீர்னு ஒரு நாள், "ஓஎம்ஆர்ல புது டவர்ல 11-வது மாடி எடுத்திருக்கோம், இன்டீரியர் வேலைய நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்லிடுவாங்க. சேர் கலர் பத்தி ஆபீஸ்ல எல்லாரும் கருத்து சொல்வாங்க. ஆனா பணம் கசியுற இடம் அது இல்ல.

ஒரு கணக்கு போடுவோம். வாடகை போடுற பரப்பு 10,000 சதுர அடி, சதுர அடிக்கு ₹70. மாசம் ₹7 லட்சம், ஜிஎஸ்டி தனி. இந்த 10,000-ல லாபி, லிஃப்ட், படிக்கட்டுல உங்க பங்கும் அடக்கம். உள்ளே கார்பெட் ஏரியா 7,000 சதுர அடிதான்னா, நீங்க புழங்குற இடத்துக்கு உண்மையான வாடகை ₹100. எத்தனை சீட் போடலாம்னு 7,000-ஐ வெச்சுதான் பாக்கணும்.

இன்டீரியர் வேலைக்காக ஓனர் 3 மாசம் வாடகை இல்லாம தர்றார்னு வெச்சுக்குவோம். அந்த 3 மாசம் எந்த தேதியில ஆரம்பிக்குது? சாவி கொடுத்த நாள்லயா, பில்டிங் மேனேஜ்மென்ட் உங்க டிராயிங்குக்கு ஒப்புதல் கொடுத்த நாள்லயா? முழு ஒப்பந்தத்துலயும் எனக்கு முக்கியமா படுற வரி இதுதான். தடுப்புச் சுவர் இடம் மாறினா ஸ்பிரிங்க்ளரும் ஸ்மோக் டிடெக்டரும் மாறணும். அந்த ஒப்புதல் வராம கான்ட்ராக்டர் சீலிங்ல கை வைக்க முடியாது.

அதோட மாடிக் கட்டடத்துக்கே உரிய தலைவலி வேற. சர்வீஸ் லிஃப்ட் பல இடத்துல ராத்திரிதான் கிடைக்கும். டிரில்லிங் சத்தமும் ஆபீஸ் நேரத்துல கூடாது. 8-க்கு 4 அடி பிளைவுட் லிஃப்டுக்குள்ள நுழையுமா, போர்டு ரூம் டேபிள் ஒரே பீஸா ஏறுமான்னு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே டேப் வெச்சு அளந்துடுங்க.

இப்ப வேலை ஒன்றரை மாசம் இழுக்குதுன்னு வைங்க. புது இடத்துக்கு வாடகை ₹10.5 லட்சம். பழைய ஆபீஸையும் காலி பண்ண முடியாது. அது மாசம் ₹4 லட்சம்னா இன்னொரு ₹6 லட்சம். ஆக ₹16.5 லட்சம் நஷ்டம். "கான்ட்ராக்டர்கிட்ட அபராதம் பிடிச்சுக்கலாமே"ன்னு தோணும். ₹1.8 கோடி கான்ட்ராக்ட், வாரத்துக்கு 0.5% அபராதம்னா 6 வாரத்துக்கு ₹5.4 லட்சம்தான் வரும். அதுவும் "லிஃப்ட் கிடைக்கல, ஒப்புதல் வரல"ன்னு அவர் நிரூபிச்சா வராது. அதனால எந்த நாள் எதனால வேலை நின்னுதுன்னு அன்னன்னைக்கே மெயில்ல பதிவு பண்ணுங்க. வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதீங்க, பாஸ்.

அடுத்து ஜிஎஸ்டி. எங்க ஆளுங்களே இதை கடைசியிலதான் பாக்கறாங்க! சேர், கழட்டி மாட்டுற ஒர்க்ஸ்டேஷன் மாதிரி நகர்த்தக்கூடிய பொருளுக்கு, கம்பெனி ஜிஎஸ்டி கட்டுற தொழில்ல இருந்தா இன்புட் கிரெடிட் உண்டு. தரை, ஃபால்ஸ் சீலிங்னு கட்டடத்தோட ஒட்டிப்போற வேலையை மூலதனச் செலவா கணக்குல ஏத்தினா கிரெடிட் கிடையாது. கண்ணாடித் தடுப்பு மாதிரி சிலது சர்ச்சையிலயே கிடக்கு. எல்லாத்தையும் 'இன்டீரியர் வேலை'ன்னு ஒரே வரியில பில் வாங்கிட்டா, ₹40 லட்சம் ஃபர்னிச்சர்ல வர வேண்டிய 18%, அதாவது ₹7.2 லட்சம் கிரெடிட்டும் சிக்கலாயிடும். ஃபர்னிச்சருக்கு ஆரம்பத்துலயே தனி ஆர்டர், தனி பில்.

டிடிஎஸ் சுலபம்: கான்ட்ராக்டர் கம்பெனியா இருந்தா 2%, தனிநபர்னா 1%, ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 10%. பில்லுல ஜிஎஸ்டி தனியா காட்டியிருந்தா அதுக்கு மேல பிடிக்க வேண்டாம்.

கடைசி பில்லுல 5% நிறுத்தி வெச்சு, குறை சரிசெய்யுற காலம் முடிஞ்சப்புறம் கொடுங்க. ஏசி எங்க ஒழுகுதுன்னு மே மாசத்துலதான் தெரியும். காலி பண்ணும்போது பழையபடி வெறும் தளமா திருப்பித் தரணும்னு ஒப்பந்தத்துல இருந்தா, இடிக்கிற செலவு உங்க டெபாசிட்ல கழியும். சாவி வாங்குற அன்னைக்கே ஒவ்வொரு மூலையையும் தேதியோட போட்டோ எடுத்து, ஓனர் தரப்புல கையெழுத்து வாங்கி ஃபைல்ல போட்டுடுங்க.