நிலத்தடி நீர் கூறும் செய்தி

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை. சுமாத்ராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல் கடந்து வந்த அதன் அதிர்வு கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களையும் அசைத்தது. அங்கிருந்தோர் பலர் அவசரமாகக் கீழே இறங்கினர். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு, சுமாத்ராவின் நிலநடுக்கம் எங்கோ நடக்கும் செய்தி மட்டுமன்று.

நிலநடுக்கம் வருமுன் பூமி ஏதேனும் அறிகுறி காட்டுமா? இக்கேள்விக்கு விடை தேடும் அறிவியலாளர்களுள் சிலர் நிலத்தடி நீரை ஆராய்ந்து வருகின்றனர்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளில் தேங்குகிறது. நீண்ட காலம் அங்கே தங்கும்போது, பாறையிலுள்ள கால்சியம், சோடியம் போன்ற தாதுப் பொருள்கள் நீரில் சிறிது சிறிதாகக் கரைகின்றன. கிணற்றுக்குக் கிணறு நீரின் சுவை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும்போது பாறைகளில் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. தனித்தனியே இருந்த நீரடுக்குகள் அவ்விரிசல்களின் வழியே கலக்கின்றன. பாறைக்குள் அடைபட்டிருந்த வாயுக்களும் வெளியேறி நீரில் சேர்கின்றன. இதனால் நீரின் வேதியியல் தன்மை மாறுகிறது.

எரிமலைப் பகுதிகளில் வேறொரு வகையான மாற்றம் நிகழ்கிறது. ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலெழும்போது கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் அதிலிருந்து பிரிந்து நிலத்தடி நீரில் கரைகின்றன. நீரின் வெப்பமும் அமிலத்தன்மையும் உயரக்கூடும். ஆகவே, எரிமலைகளைக் கண்காணிப்போர் அவற்றின் அடிவாரத்திலுள்ள ஊற்றுகளையும் கவனிக்கின்றனர்.

இத்துறையில் பெரிதும் பேசப்படும் சான்று ஜப்பானில் கிடைத்தது. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் விடியற்காலையில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலநடுக்க மையத்திற்கு அருகிலிருந்த இரண்டு கிணறுகளின் நீர் புட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டு வந்தது. தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உருமு சுனோகாய், ஹிரோஷி வக்கித்தா ஆகிய இருவரும் நிலநடுக்கத்திற்குப் பின் அந்தப் புட்டிகளைத் தேடிச் சேகரித்தனர். ஒவ்வொரு புட்டியிலும் தயாரிப்புத் தேதி இருந்தது. ஆகவே, எந்த நாளில் நீர் எப்படி இருந்தது என்பதை அவர்களால் வரிசைப்படுத்த முடிந்தது. 1994 ஆகஸ்டு முதல், நிலநடுக்கம் ஏற்படும் வரை, நீரில் குளோரைடு, சல்பேட்டு ஆகியவற்றின் அளவு படிப்படியாகக் கூடியிருந்தது தெரியவந்தது. கடைத்தட்டில் கிடந்த சாதாரணத் தண்ணீர்ப் புட்டிகள் அறிவியல் ஆவணங்களாயின!

அருகிலுள்ள நிஷினோமியா நகரில் 17 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றில் ரேடான் வாயுவின் அளவு ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டு வந்தது. பாறைகளில் இயற்கையாக உண்டாகும் இக்கதிரியக்க வாயு, நான்கு நாள்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். எனவே, நீரில் அதன் அளவு கூடினால், அது அண்மையில்தான் பாறையிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். நிலநடுக்கத்திற்கு ஒன்பது நாள்களுக்கு முன் அக்கிணற்றில் ரேடான் உச்சத்தைத் தொட்டது; பின்னர் விரைவாகக் குறைந்தது. ஐஸ்லாந்திலும் 2002 செப்டம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே ஆழ்குழாய்க் கிணறொன்றின் நீரில் இரும்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களின் அளவு உயர்ந்தது.

அப்படியானால், நீரைச் சோதித்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே அறிவித்துவிடலாமா? முடியாது. கனமழை, வறட்சி, அளவுக்கு மீறி நீர் இறைத்தல் ஆகியவையும் நீரின் தன்மையை மாற்றும். மாற்றம் தோன்றியும் நிலம் நடுங்காமல் போகலாம். எந்த மாற்றமும் தென்படாமலே நிலம் நடுங்கவும் செய்யலாம். கோபேயின் புட்டிகள்கூடத் துயரம் நிகழ்ந்த பிறகே ஆராயப்பட்டன. ஒரு நிலநடுக்கம் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த அளவில் நிகழும் என்பதை உறுதியாகக் கூறும் முறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தீபகற்ப மலேசியாவில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. செலாயாங்கிலும் உலு லங்காட்டின் டூசுன் துவாவிலும் உள்ள வெந்நீர் ஊற்றுகளுக்கும் எரிமலை காரணமன்று. கருங்கல் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்குச் செல்லும் மழைநீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது. எனினும், இப்பகுதி அதிர்வே அறியாத நிலமன்று. 2007-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கோலாலம்பூருக்கு அண்மையிலுள்ள புக்கிட் திங்கியில் சிறு நிலநடுக்கங்கள் பல பதிவாயின. 2004-ஆம் ஆண்டின் பெரும் சுமாத்ரா நிலநடுக்கம் பழைய நிலப்பிளவுகளைத் தூண்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நோயாளியின் உடல்சூடு கூடியுள்ளதா என்பதை அறிய, நலமாக இருக்கும்போது அது எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். நிலத்திற்கும் அப்படித்தான். ஊற்று நீரின் இயல்பான தன்மையை அமைதியான நாள்களில் தொடர்ந்து அளந்து வைத்தால்தான், பின்னர் நேரும் மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியும். “நாளை நிலம் நடுங்கும்” என்று கைப்பேசியில் பரவும் வதந்தியை நம்பிப் பதறுவதைவிட, பொறுமையாக அளந்து பதிவு செய்யும் அறிவியலை நாடுவதே அறிவுடைமை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அந்த அணையின் முதல் கல், அன்றாடம் குறித்து வைக்கப்படும் ஓர் எளிய அளவீடாகவும் இருக்கலாம்.

சிந்தித்து விடை கூறுக:
1. கோபே ஆய்வில் புட்டிகளிலிருந்த தயாரிப்புத் தேதி எவ்வாறு உதவியது?
2. நீரின் மாற்றத்தை மட்டும் கொண்டு நிலநடுக்கத்தை முன்னறிவிக்க முடியாதது ஏன்? இரண்டு காரணங்களைக் கூறுக.
3. “வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்” என்னும் கருத்து இப்பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது?