சபாவுக்கு நாடகம் பார்க்கப் போறீங்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

சினிமா என்றால் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிற நாம், நாடகம் என்றதும் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டுவிடுகிறோம். சென்னையில் நாடகம் பார்ப்பது பெரிய செலவும் இல்லை, பெரிய பாடும் இல்லை. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும், தோழிகளே!

1. எங்கே என்ன நாடகம் என்று தேடித் திரிய வேண்டாம். நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை வெள்ளிக்கிழமையே ஒரு கண் பார்த்துவிடுங்கள். சபா பக்கம் போகும்போது வாசலில் மாட்டியிருக்கும் மாத நிகழ்ச்சிப் பட்டியலை போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அந்த மாதத்துக்கே கவலை விட்டது.

2. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் குடியிருப்பவர்கள் ஏதாவது ஒரு சபாவில் மெம்பர் ஆவது லாபம். சேருவதற்கு முன்னால் வருஷத்துக்கு எத்தனை நாடகம் போடுகிறார்கள், ஒரு சந்தாவுக்கு எத்தனை பேர் வரலாம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். சந்தா தொகையை நீங்கள் நிஜமாகவே போகக்கூடிய நாடகங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், கட்டுப்படியாகுமா என்று உடனே தெரிந்துவிடும்.

3. மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் இருக்கிற பாரதிய வித்யா பவனில் மாலை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம், அவற்றில் நாடகமும் அவ்வப்போது வரும். இலவசம் என்றால் சீட் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான். நாலரைக்கே கிளம்பி கபாலீஸ்வரரைத் தரிசனம் பண்ணிவிட்டு அப்படியே நடந்து போய்விடலாம். ஒரே பயணத்தில் இரண்டு காரியம்!

4. புது நாடகமாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோடை விடுமுறையைத் தவற விடாதீர்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழு. பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லாத நேரம் என்பதால் ராத்திரி லேட்டானாலும் பரவாயில்லை.

5. எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், டிக்கெட்டில் மட்டும் வேண்டாம். தெரிந்தவர் நடிக்கிறார் என்று ஓசி பாஸ் கேட்காதீர்கள். ஹால் வாடகை, லைட், மைக், செட் ஏற்றி வரும் வண்டி, மேக்கப் என்று அந்த ஒரு மாலைக்கு ஆகிற செலவெல்லாம் பெரும்பாலும் அந்தக் குழுவின் கைக்காசு. மேடையில் நிற்பவர்களில் பலர் பகலில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் ஒத்திகை பார்த்தவர்கள். 1952-ல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு இன்றைக்கும் நாடகம் போடுகிறது என்றால், டிக்கெட் வாங்கிப் பார்த்த குடும்பங்களும் அதற்கு ஒரு காரணம். நாலு பேர் குடும்பத்துக்கு முன் வரிசை கட்டாது என்றால் பின் வரிசை வாங்குங்கள், ஆனால் வாங்கிப் பாருங்கள்.

6. விலை கூடின டிக்கெட்தான் நல்ல சீட் என்று நினைக்க வேண்டாம். முதல் வரிசையில் கழுத்தை அண்ணாந்தே பார்க்க வேண்டியிருக்கும், ஓரத்தில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் காதருகே அலறும். ஏழாவது வரிசையில் இருந்து பத்தாவது வரை, நடுப்பக்கம் கிடைத்தால் மேடை முழுக்கக் கண்ணுக்குள் அடங்கும், முகபாவமும் தெரியும்.

7. சீட் நம்பர் இல்லாத டிக்கெட் என்றால் அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள். ஒருவர் போய் கர்ச்சீப்பும் பையும் வைத்து ஒரு வரிசையையே பிடித்து வைக்கிற வழக்கம் வேண்டாமே. எல்லோரும் சேர்ந்து போனால் சண்டையே வராது.

8. எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். 1896-ல் கட்டி முடித்த அரங்கம், குரல் அழகாக எடுபடும், ஆங்கில நாடகங்களும் அங்கே நடப்பதுண்டு. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் சனி, ஞாயிறில் போனால் மத்தியானம் பிள்ளைகளுக்கு வெண்கலச் சிலைகளைக் காட்டிவிட்டு சாயங்காலம் நாடகத்துக்கு உட்காரலாம்.

9. முதல் தடவை நாடகம் பார்க்கிற பிள்ளைகளை நகைச்சுவை நாடகத்துக்குக் கூட்டிப் போங்கள். கிரேஸி மோகன் எழுதிய நாடகம் போடுகிறார்கள் என்றால் யோசிக்காமல் கிளம்பலாம். பக்கத்தில் இருக்கிற இருநூறு பேரும் சேர்ந்து சிரிக்கும்போது குழந்தைக்கும் தானாகப் பிடித்துவிடும். நவீன நாடகம் வேறு ருசி. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை மாதிரியான குழுக்களின் நாடகங்களுக்கு, கதை உடனே பிடிபடாவிட்டாலும் பொறுமையாகப் பார்க்கிற வயசுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

10. நாடகம் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை நினைத்து மத்தியானமே அலுத்துக்கொள்ள வேண்டாம். புளிக்காய்ச்சல் இருந்தால் கிளம்புவதற்கு முன் சாதத்தை ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கலந்து மூடி வைத்துவிடுங்கள். ஒன்பதரைக்குத் திரும்பி வரும்போது புளி நன்றாக ஊறி, அப்பளம் பொரித்தால் போதும் என்கிற நிலையில் காத்திருக்கும்.

11. ஐந்தரை வாக்கில் வீட்டிலேயே கனமாக டிபன் சாப்பிட்டுவிட்டால் இடைவேளையில் நூறு, இருநூறு மிச்சம். மார்கழி சீசனில் கேன்டீனுக்காகவே சபாவுக்குப் போகிறவர்கள் உண்டு, அது வேறு கணக்கு. மற்ற மாதங்களில் எல்லா சபாவிலும் கேன்டீன் இருக்கும் என்று நம்பிப் பசியோடு போகாதீர்கள்.

12. ஹாலுக்குள் சிப்ஸ் பாக்கெட்டும் சரசரக்கும் சாக்லேட் பேப்பரும் வேண்டவே வேண்டாம். தொண்டை கரகரக்கிறவர்கள் கற்கண்டும் இரண்டு கிராம்பும் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் சத்தமில்லாமல் இருமல் அடங்கும்.

13. ஏஸி ஹாலில் முதல் அரைமணி சுகம், அப்புறம் நடுக்கம்! ஆளுக்கொரு ஷால் சுமக்க வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டால் இரண்டு பேர் போர்த்திக்கொள்ளலாம். துவைக்கவும் சுலபம்.

14. பெண்கள் மட்டும் குழுவாகப் போகிறீர்களா? மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் நமக்குக் கட்டணமே இல்லை, முன்பக்கம் பிங்க் கலர் அடித்த வண்டியைப் பார்த்து ஏறினால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். எழும்பூருக்கு மெட்ரோ வசதி. மயிலாப்பூருக்கு வேளச்சேரி, திருவான்மியூர் பக்கத்தில் இருந்து வருபவர்களுக்குப் பறக்கும் ரயில்தான் சௌகரியம்.

15. காரில்தான் போவேன் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். மெட்ரோ வேலைக்காகப் பல இடங்களில் பாதை மாற்றி விட்டிருக்கிறார்கள், போன வாரம் போன வழி இந்த வாரம் இருக்காது. வண்டியை மெட்ரோ நிலையத்தில் விட்டுவிட்டு மீதி தூரம் ஷேர் ஆட்டோவில் போவது பல சமயம் சீக்கிரம்.

16. பெரியவர்களோடு போனால் முதல் நாளே சபா ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். லிஃப்ட் உண்டா, எத்தனை படி, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையை ஒட்டின சீட்டாகக் கேட்டு வாங்கினால் அவசரத்துக்கு எழுந்து போகச் சௌகரியம், முழங்கால் வலிக்காரர்கள் காலையும் நீட்டிக்கொள்ளலாம்.

17. போனை சைலன்டில் வைத்தால் போதாது, அணைத்தே வையுங்கள். ஒரு காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் நாம் மணி பார்க்கத் திறக்கிற அந்தச் சின்ன வெளிச்சம் மேடைவரை போகும். அந்த இருட்டில் மேடையை உற்றுப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் பூனை நடையில் வந்து சோபாவைத் திருப்பி, டெலிபோன் மேஜையை எடுத்து, சுவரில் காலண்டரை மாற்றிவிட்டு ஓடுவார்கள். விளக்கு வரும்போது வீடு ஆஸ்பத்திரி ஆகியிருக்கும். என்னைக் கேட்டால், டிக்கெட் காசில் பாதி அதற்கே கொடுக்கலாம்.

18. நாடகம் இரண்டு மணி நேரம் என்றால் ஆட்டோவை இரண்டு மணி நேரத்துக்குக் கணக்காக வரச் சொல்லாதீர்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, குழுவினர் அறிமுகம் என்று இருபது நிமிஷமாவது கூடும். அந்த அறிமுகத்துக்கு முன்னால் எழுந்து போகாமல் இருப்பதும் அழகு, அன்றைக்கு அவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டல் அதுதானே.

19. திரை விழுந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள், நீங்கள் எதிர்ப்பக்கம் நடங்கள். சபா நாடகங்களில் மேடைக்குப் பின்னால் போய் நடிகர்களிடம் 'நன்றாக இருந்தது' என்று சொல்வதை யாரும் தடுப்பதில்லை. சற்று முன் அதட்டிய மாமனார் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டே சிரித்துப் பேசுவதைப் பக்கத்தில் பார்க்கிற குழந்தை மறுவாரமும் நாடகம் கேட்கும். பத்து நிமிஷத்தில் வாசல் கூட்டமும் கலைந்துவிடும்.

20. அப்புறமும் சபா வாசலிலேயே ஆட்டோ பிடிக்காதீர்கள், அங்கே கேட்கிற ரேட்டே வேறு. நூறு அடி தள்ளி மெயின் ரோட்டுக்கு வந்து ஆப்பில் புக் செய்யுங்கள். ஒரே திசைக்குப் போகிற இன்னொரு குடும்பம் இருந்தால் பேசிச் சேர்ந்துகொண்டால் வாடகையும் பாதி, வழியெல்லாம் நாடகத்தைப் பற்றிப் பேச ஆளும் கிடைத்த மாதிரி.