பென்டிரைவை ஃபிளாப்பியாக நடிக்க வைப்பது எப்படி?

கமடோர் அமிகா 500 வந்தது 1987-ல். யூஎஸ்பி-யின் முதல் விதிமுறை வெளியானது 1996-ல். ஒன்பது வருஷ இடைவெளி. அமிகாவோட முதுகுப்பக்கம் எவ்வளவு தேடினாலும் பென்டிரைவ் செருக இடம் கிடையாது. ஒரு சாக்கெட்டை சால்டர் பண்ணி ஒட்டிட்டா போதாதா?

போதாது. அதன் மோட்டோரோலா 68000 பிராசஸர் ஓடுவது சுமார் 7 மெகாஹெர்ட்ஸில். யூஎஸ்பி ஃபுல் ஸ்பீடு விநாடிக்கு 12 மெகாபிட். அதாவது 83 நானோவிநாடிக்கு ஒரு பிட். 68000-இன் மிக எளிய கட்டளைக்கே 4 க்ளாக், கிட்டத்தட்ட 564 நானோவிநாடி ஆகும். ஒரு கட்டளை முடியறதுக்குள்ள ஏறக்குறைய ஏழு பிட் ஓடிப்போயிடும். அதனால பழைய கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி சொல்லிக்கொடுக்கிறதை விட, பென்டிரைவை ஃபிளாப்பி டிரைவ் மாதிரி நடிக்க வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்த வேஷத்தைப் போடுவது கோட்டெக் எனும் சின்னப் பெட்டி. 3.5 அங்குல டிரைவோட அதே அளவு. முன்னால யூஎஸ்பி சாக்கெட், பின்னால 34 பின் கனெக்டர். உள்ளே 72 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிஎம்32எஃப்105 மைக்ரோகன்ட்ரோலர் (புதிய போர்டுகளில் ஆர்ட்டெரி ஏடி32எஃப்415). பழைய எம்பிராய்டரி மெஷின், சிஎன்சி மெஷின்களில் பழுதான ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலா மாட்டுவதும் இதைத்தான்.

இப்போ முக்கியமான விஷயம். ஃபிளாப்பி கேபிளில் 'ஃபைல்' என்று எதுவும் போவதில்லை. தலையை ஒரு டிராக் நகர்த்து, எந்தப் பக்கம் நகர்த்து, எந்த முகத்தைப் படி என்று கம்ப்யூட்டர் சொல்லும். பதிலுக்கு டிரைவ் அனுப்புவது வெறும் துடிப்புகள். தகவல் இருப்பது இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரத்தில்.

அமிகாவின் எம்எஃப்எம் குறியீட்டில் ஒவ்வொரு பிட்டும் 2 மைக்ரோவிநாடி கொண்ட இரண்டு அறைகளாகும். 1 என்றால் 01. 0 என்றால், முன்னால 1 இருந்தா 00, 0 இருந்தா 10. 1001-ஐ எழுதிப் பாருங்க: 01 00 10 01. ஒவ்வொரு 1-ம் ஒரு துடிப்பு. இங்கே துடிப்புகளுக்கு இடையே 6 மைக்ரோவிநாடி. எந்தத் தகவலா இருந்தாலும் இடைவெளி 4, 6, 8 இந்த மூணுல ஒண்ணுதான். கோட்டெக் இந்த நேரத்தைப் பிசகாமல் காப்பாத்தணும்; அதுதான் அதோட முழு வேலையும்.

அமிகா டிஸ்கின் நகல் ஃபைல் ஏடிஎஃப். ஒரு டிராக்கின் ஒரு முகத்தில் 11 செக்டார், செக்டாருக்கு 512 பைட்: 5632 பைட். இரண்டு முகம், 80 டிராக்: மொத்தம் 9,01,120 பைட். அதே டிஸ்கில் பிசி 9 செக்டார்தான் வைக்கும். அமிகா முழு டிராக்கையும் ஒரே மூச்சில் எழுதுவதால் செக்டார்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டாம், 11 அடங்கிடும். 40-வது டிராக், 1-வது முகம் வேணும்னா கோட்டெக் ஃபைலில் 81 × 5632, அதாவது 4,56,192-வது பைட்டுக்குப் போய், அங்கிருந்து 5632 பைட்டை எடுத்து, துடிப்பாக்கி அனுப்பும்.

ஆனா கோட்டெக்கோட வரும் மென்பொருளுக்கு பிசி வடிவம்தான் தெரியும். கெயிர் ஃப்ரேசர் எழுதிய ஃபிளாஷ்ஃபிளாப்பி எனும் திறந்தமூல ஃபர்ம்வேரை ஏத்தணும். முதல் முறை மட்டும் கம்ப்யூட்டருடன் கேபிளில் இணைக்க வேண்டும். அப்போது அமிகா பக்கத்து மின்சாரம் இணைந்திருக்கக் கூடாது. போர்டில் எந்தச் சிப் என்று பார்த்துவிட்டு ஆரம்பிங்க. பிறகு எஸ்0 ஜம்பர், எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்த பென்டிரைவ், அதில் ஏடிஎஃப் ஃபைல்கள்; அவ்ளோதான். என்டிஎஃப்எஸ் வேலை செய்யாது.

கேபிளை மாட்டும்போது பவர் கட்டாயம் ஆஃப். ஃபிளாப்பியின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் 8520 சிப்களுக்குப் போகின்றன. அவை இப்போது தயாரிப்பில் இல்லை. ஒண்ணு போனா இன்னொரு பழைய மெஷினைத்தான் அறுக்கணும். இன்னொன்று: அமிகா டிஸ்க் மாறியதை 2-வது பின்னிலும், ரெடி சிக்னலை 34-வது பின்னிலும் எதிர்பார்க்கும். பிசி-யில் டிஸ்க் மாற்றம் 34-ல். கோட்டெக்கை பிசி அமைப்பில் விட்டுட்டா டிஸ்க் மாத்தினதே அமிகாவுக்குத் தெரியாது.

வேகம் கூடுமான்னு கேட்பீங்க. கூடாது. நடிப்பதும் நிமிஷத்துக்கு 300 சுற்று வேகத்தில்தான். சுற்றுக்கு 0.2 விநாடி, 160 முகங்கள்: முழு டிஸ்க்கைப் படிக்கக் குறைந்தது 32 விநாடி. எவ்வளவு விலையுயர்ந்த பென்டிரைவ் வாங்கினாலும் இதேதான். திருட்டு நகலைத் தடுக்க வேண்டுமென்றே நீளமான டிராக் எழுதிய விளையாட்டு டிஸ்க்குகளும் ஏடிஎஃப்-ல் அடங்காது, ஏன்னா அதில் இருப்பது செக்டார்களின் பைட் மட்டும்.

யாராவது உங்களிடம் பழைய அமிகா டிஸ்க்குகளைக் கொடுத்தால், விளையாட்டை விட முதலில் செய்ய வேண்டியது நகலெடுப்பு. காந்தப் பூச்சு வருஷத்துக்கு வருஷம் பலவீனமாகிக்கொண்டே இருக்கும். டிஸ்க் மூலையில் உள்ள துளையைத் திறந்து வையுங்க. திறந்திருந்தா எழுத முடியாது. அசல் டிரைவை உள்ளேயே விட்டு, கோட்டெக்கை இரண்டாவது டிரைவாக வெளிப்புறப் போர்ட்டில் அடாப்டர் வழியா இணைத்து, பென்டிரைவில் 9,01,120 பைட் வெற்று ஏடிஎஃப் ஒன்றை வைத்துக்கொண்டு, வொர்க்பெஞ்சின் டிஸ்க்காப்பியை ஓட்டுங்க. அது முடிந்து விளக்கு அணையும் வரை பென்டிரைவைப் பிடுங்காதீங்க.