உப்பங்கழியில் ஒரு பகல்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. விடுமுறை நாளொன்றில் பள்ளித் தோழர் நால்வர் அங்கே துடுப்புப் படகேறினர். விரைந்து செல்லும் தேவை எவருக்கும் இல்லை. கிளைகள் கவிந்த குறுகிய கால்வாய்களில் துடுப்பொலியும் பறவைக் குரலுமே கேட்டன.

சுரபுன்னையின் வேர்கள் தாங்குகால்களாய்ச் சேற்றில் ஊன்றி நின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர்களோ சேற்றைத் துளைத்து மேலெழுந்திருந்தன. காற்றுப் புகாச் சேற்றில் வாழும் அம்மரம் அவற்றின் வழியாகவே உயிர்க்காற்றைப் பெறுகிறது.

சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்கிய ஒன்றைப் பறிக்க ஒருவன் கை நீட்டினான்.

“பறிக்காதே தம்பி! அது காய் அன்று, கன்று. தாய்மரத்திலேயே முளைத்து, சேற்றில் விழுந்து வேரூன்றும்” என்றார் படகோட்டி. துடுப்பை நிறுத்திவிட்டு அவர் தொடர்ந்தார்: “2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, அலையின் வேகத்தைத் தணித்தவை இம்மரங்களே. காட்டுக்குப் பின்னிருந்த எங்கள் ஊர் பிழைத்தது.”

நீட்டிய கை தானே மடங்கியது.

2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டிலிருந்து மாலையில் நால்வரும் கரையேறினர். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்னும் பெயர்ப்பொருள், அன்று அவர்களுக்கு ஒரு மனிதரின் குரலில் விளங்கிற்று.