பற்சுத்தம்: வேலங்குச்சியும் பிரஷ்ஷும்

காரைக்குடியைச் சூழ்ந்த கிராமங்களில் விடியற்காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் செல்வோர், வழியில் வேலங்குச்சியோ வேப்பங்குச்சியோ ஒடித்து மென்றுகொண்டே செல்வது நெடுநாளைய வழக்கம். அவ்வூரிலேயே பெட்டிக்கடையில் வாங்கிய பிரஷ்ஷைக்கொண்டு வீட்டு முற்றத்தில் பல் துலக்குவோரும் உளர். முன்னவரைப் பட்டிக்காட்டாரென்று பின்னவரும், பின்னவரைப் பட்டணத்து நாகரிகம் பிடித்தவரென்று முன்னவரும் நகைப்பதுண்டு. ஆயினும், அறுவடைக் காலத்தில் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கி, இரண்டு நாட் கூலியை இழந்து, வைத்தியச் செலவுக்கும் கடன் கேட்டு நிற்பவரில் இரு சாராரும் இருக்கின்றனர். எதனைக்கொண்டு துலக்கினார் என்பதைக் காட்டிலும், பல்லின் எவ்விடத்தை எவ்வாறு துலக்கினார் என்று விசாரிப்பதே பயன் தரும்.

பற்களின்மேல் கிருமிகள் கூடிப் பசைபோன்ற மெல்லிய படலமாய்ப் படிகின்றன. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பண்டத்தையும் அவை புளிக்கச் செய்வதால் அமிலம் உண்டாகிப் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றது. பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். இப்படலம் மிகுதியாய்த் தங்குமிடம், பல்லும் ஈறும் சேரும் ஓரமும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள சந்துமாம். நாட்பட்டால் அது காரையாக இறுகுகின்றது. ஈறு வீங்கி இரத்தம் கசிகின்றது. பின்னர் ஈறு கீழிறங்கிப் பல் ஆடத் தொடங்குகின்றது. கலியாண வீடுகளிலிருந்து வரும் அதிரசத்தையும் கந்தரப்பத்தையும் சாப்பாட்டுடன் உண்பதைவிட, நாள் முழுதும் சிறிது சிறிதாய்க் கொறிப்பது பல்லுக்கு அதிகக் கேடு. ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாக ஊறுகின்றது.

குச்சியை இகழவேண்டுவதில்லை. ஆலையும் வேலையும் புகழும் பழமொழி அனுபவத்தில் விளைந்ததே. ஆனால் பழமொழியிலுள்ள வேல் நம் நாட்டு வேலமரமேயன்றி, சிவகங்கைச் சீமையெங்கும் இன்று புதராய் மண்டியிருக்கும் சீமைக் கருவேலன்று. கைக்கெட்டியதையெல்லாம் ஒடித்து வாயிலிடுதல் தகாது. சுண்டுவிரற் பருமனுள்ள பசுங்குச்சியைக் கழுவி, நுனி தும்பு தும்பாய் விரியும்வரை மென்று, அத்தும்பினால் மெல்லத் துலக்கி, அன்றன்று நுனியை நறுக்கி எறிதல் வேண்டும். குச்சியின் குறை யாதெனில், அது முன்பற்களின் வெளிப்புறத்தை எளிதில் அடைகின்றது. கடைவாய்ப்பற்களின் உட்புறத்தை அடைவது அரிது. சொத்தையோ பெரும்பாலும் கடைவாயில்தான் விழுகின்றது.

இதனினும் பெருங்கேடு செங்கற்பொடி, கரித்தூள், மணல் முதலியவற்றால் அழுத்தித் தேய்ப்பது. அவை படலத்தோடு பல்லின் மேற்பூச்சையும் தேய்த்துவிடும். தேய்ந்த பூச்சு மீண்டும் வளராது. குடிநீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் சிறுவர் பற்களில் காணும் பழுப்புக் கறையைப் போக்கவும் சிலர் இவ்வாறு தேய்க்கின்றனர். அக்கறை அழுக்கன்று, பல் வளரும் பருவத்திலேயே அதனுள் ஏற்பட்ட மாறுதல். அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் 1937ஆம் ஆண்டிலேயே இந்நோய் ஆராய்ந்து அறிவிக்கப்பட்டது. புகையிலை கலந்த பற்பொடிகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. இந்திய சர்க்கார் 1992ஆம் ஆண்டில் அவற்றைத் தடுத்துவிட்டனர். ஆயினும் மூக்குப்பொடியை ஈற்றில் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் விட்டபாடில்லை.

பிரஷ் முற்காலத்தில் பன்றி மயிராற் செய்யப்பட்டது. அதனை வாயிலிட மனங்கொள்ளாதார் பலர் இருந்தது வியப்பன்று. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலான் இழைப் பிரஷ் விற்பனைக்கு வந்தபின் அத்தடை நீங்கியது. வாங்குங்கால் இழை மிருதுவாயிருக்கின்றதா என்பதையே முதலிற் கவனிக்கவேண்டும். கடினமான இழைதான் நன்றாய்த் துலக்கும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். அது ஈற்றைக் கிழித்துப் பல்லின் வேரை வெளிப்படுத்துகின்றது. மிருது, நடுத்தரம், கடினம் என உறையில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பர். படிக்கவியலாதார் கடைக்காரரைக் கேட்டே வாங்குக. தலைப்பாகம் ஓரங்குல நீளத்துக்கு மேற்படாது, கடைவாயில் தடையின்றித் திரும்பத்தக்கதாய் இருத்தல் நலம். வளைந்த பிடிக்கும் பலநிற இழைக்கும் கொடுக்கும் அதிகப்படி விலை வீண்.

துலக்கும் முறையை வகுத்தவர் பாஸ் என்னும் அமெரிக்க வைத்தியர். மலேரியாக் கிருமியை ஆராய்ந்தவரான அவர் பின்னர்ப் பற்சுத்தத்தில் கருத்தைச் செலுத்தி, 1948ஆம் ஆண்டில் நல்ல பிரஷ்ஷின் இலட்சணங்களையும் எழுதினார். அவர் முறைப்படி, இழைகளின் நுனியைப் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் அரைச் செங்கோணச் சாய்வாக வைத்து, இடம்விட்டு நகராமல் மிகச் சிறிய அசைவாகப் பத்துமுறை அசைத்து, அடுத்த இரண்டு மூன்று பற்களுக்குச் செல்லவேண்டும். வெளிப்புறம் முடிந்தபின் உட்புறம், பிறகு மெல்லும் பரப்பு. முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷை நெடுக்காகப் பிடித்தல் வேண்டும். முழங்கை ஆடுமாறு குறுக்கே இழுப்பது பாத்திரம் விளக்கும் முறை, பல்லுக்கு ஆகாது. பேனாவைப் பிடிப்பதுபோற் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். முழு வாய்க்கும் இரண்டு நிமிஷம் செல்லும். காலையில் மட்டும் துலக்கி இரவில் விடுவது நம் பெரும் பிழை. உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே தக்க சமயம்.

துலக்குங்கால் இரத்தம் கண்டால் அவ்விடத்தைத் தொடாது விடுவோர் பலர். அதனால் படலம் மேலும் தங்கி நோய் முற்றுகின்றது. மிருதுவான பிரஷ்ஷால் மெல்லத் துலக்கிவரின் ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். நில்லாவிடில் அரசு மருத்துவமனையில் பல் வைத்தியரைக் காண்பது கடமை. நீரிழிவுடையோர் காலந்தாழ்த்தலாகாது, ஈற்று நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பன.

சிறுவர்க்கு ஏழெட்டு வயதுவரை தாயோ அப்பத்தாளோ உடனிருந்து துலக்கிவிடவேண்டும். விழப்போகும் பால்பல்தானே என்று விடுதல் தவறு. அது நிற்குமளவும் அடுத்த பல்லுக்கு இடங்காத்து நிற்கின்றது. புளோரைடு கலந்த பற்பசை மூன்று வயதுக்குட்பட்டார்க்கு அரிசியளவும், ஆறு வயது வரையுள்ளார்க்குப் பட்டாணியளவும் போதும். அதனை விழுங்காது துப்பப் பழக்குக.

ஒரு பிரஷ் மூன்று மாதம் உழைக்கும். இழை மலர்ந்துவிடின் அதற்கு முன்பே மாற்றவேண்டும். ஆகவே ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு. ஒருவர் பிரஷ்ஷை மற்றொருவர் உபயோகித்தல் கூடாது. உபயோகித்தபின் கழுவி உதறி, நுனி மேலாகக் காற்றுப்படும் இடத்தில் நிறுத்திவைக்கவேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடலாகாது. பலர் கூடி வாழும் வீடுகளில் பிடியில் வெவ்வேறு நிற நூலைக் கட்டிவைத்தால், எழுத்தறியாச் சிறுவரும் தம் பிரஷ்ஷைத் தவறாது எடுப்பர்.